வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு

சிவகங்கைச் சீமையில், திருப்பத்தூரை அடுத்துள்ள திருக்கோஷ்டியூர் என்றவுடன் தமிழர் பலருக்கும் இராமானுசரின் நினைவே எழும். மறைபொருளாய்க் காக்கப்பட்ட மந்திரத்தின் உட்பொருளை அறிய அவர் திருவரங்கத்திலிருந்து 18 முறை இவ்வூர் நம்பியை நாடி வந்தார் என்றும், யாருக்கும் உரைக்கலாகாது என்ற கட்டளையோடு பெற்றதைக் கோயிலின் உயரத்தில் நின்று ஊர் கேட்க அறிவித்தார் என்றும் வைணவ மரபு கூறும். சமய எல்லைகளைக் கடந்து இவ்வரலாறு நமக்கு இரண்டு பண்புகளைக் காட்டுகிறது. ஒன்று, தெளியும்வரை சலியாமல் கேட்பது. மற்றொன்று, பிறர் வாழ்வைத் தொடும் அறிவை மறைக்காமல் பகிர்வது. மருத்துவமனையில் நோயாளிக்கு முன்னதும் மருத்துவருக்குப் பின்னதும் தேவைப்படுகின்றன.

இப்பகுதி மக்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் சிவகங்கைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். அங்கே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்படுகிறது. "சரிங்கய்யா" என்று தலையசைத்துவிட்டு ஊர் திரும்புகிறோம். நாள் நெருங்க நெருங்க ஐயம் வளர்கிறது. இது கட்டாயம் தேவைதானா? மயக்க மருந்தை இந்த இதயம் தாங்குமா? இரண்டு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் வீடு என்னாகும்? இக்கேள்விகளை அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம், உறவினரிடம் சொல்கிறோம், பதில் சொல்லக்கூடிய மருத்துவரிடம் மட்டும் சொல்வதில்லை. குறித்த நாளில் போகாமல் இருந்துவிடுகிறோம். இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. நம்பிக்கையுள்ள ஒருவர் சிகிச்சையை மறுக்கலாமா? மறுக்கலாமெனில், எவ்வாறு மறுக்க வேண்டும்?

உயிர் இறைவனின் கொடை. நாம் அதன் பொறுப்பாளர்களே என்பது திருச்சபையின் போதனை. ஆகவே மருத்துவம் சொல்லும் யாவற்றுக்கும் உடன்படுவதே கடமை எனச் சிலர் எண்ணுகின்றனர். ஆனால் திருச்சபையின் அறநெறி மரபு அவ்வாறு கூறவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே டொமினிக்கன் சபை இறையியலார் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உயிரைக் காக்க இயன்ற எல்லா வழிகளையும் கையாள மனிதர் கடமைப்பட்டவர் அல்லர் என்று கற்பித்தார். 1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தனக்கோ பிறர்க்கோ கடுஞ்சுமை ஆகாத சாதாரண வழிமுறைகளே கடமை என்று விளக்கினார். நோயாளியின்மீது மருத்துவருக்குத் தனியுரிமை ஏதும் இல்லை; நோயாளி வெளிப்படையாகவோ உள்ளடக்கமாகவோ தரும் அனுமதியின் பேரிலேயே அவர் செயல்பட முடியும் என்பதையும் அதே உரையில் தெளிவுபடுத்தினார். 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின் இடர், கடினம், செலவு, எதிர்பார்க்கும் பயன், நோயாளியின் உடல் மன வலிமை ஆகியவற்றை ஒப்பிட்டு முடிவு செய்யலாம் என்றது. குடும்பத்தின்மீது அளவுகடந்த செலவைச் சுமத்த விரும்பாமை தற்கொலைக்கு ஒப்பானதன்று என்றும் அது கூறியது.

நாட்டின் சட்டமும் இதே திசையில் நடந்திருக்கிறது. 1995 மே மாதம் தில்லியில் 44 வயதான, மணமாகாத ஒரு பெண்மணி, நோயைக் கண்டறியும் உள்நோக்கிச் சோதனைக்கு ஒப்புதல் அளித்து மயக்க நிலைக்குச் சென்றார். அந்நிலையில் வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்று அவரது கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. 'சமீரா கோலி' வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில், 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஆகாது. அறிவும் வயதும் வந்த ஒருவருக்காக, உயிர்க்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாயும் ஒப்புதல் தர இயலாது என்றது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டதை ஏற்றும், அவர் கட்டணத்தை இழப்பதோடு 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என ஆணையிட்டது. நல்லெண்ணம் ஒப்புதலின் இடத்தை நிரப்பாது என்பதே இதன் சாரம். சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க இடர்கள் ஆகியவற்றோடு, மறுத்தால் நேரக்கூடிய தீங்கையும் நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இந்தக் கடைசிக் கருத்தை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். மறுக்கும் உரிமை, மறுப்பின் விளைவை அறியும் கடமையையும் உடன் கொண்டுவருகிறது. எல்லா அறுவைகளும் ஒன்றல்ல. எவ்விதத் தொந்தரவும் தராத பித்தப்பைக் கற்களைப் பெரும்பாலும் அறுக்காமல் விட்டுவைக்கலாம். தொல்லை தராத குடலிறக்கம் உள்ள ஆண்கள் சிலர் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். ஆயினும் இறங்கிய குடல் சிக்கி வலியும் வாந்தியும் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தொடக்க நிலைப் புற்றுக்கட்டியோ காத்திருக்கும் காலத்திலேயே பரவிவிடக்கூடும். இவ்வேறுபாட்டை அறியாமல் அச்சத்தால் மட்டும் மறுப்பவர், தமக்கு ஒப்படைக்கப்பட்ட உயிரை ஆராயாமல் கைவிடும் ஆபத்தில் இருக்கிறார்.

எனவேதான், வாய் திறவாமல் விலகிவிடுவது மறுப்பு ஆகாது என்கிறேன். அதை மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரியவர் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்பது நம் வழக்கத்தில் கூச்சத்துக்குரியது. ஆனால் அந்த மௌனத்தால் யார் பயனடைகிறார்கள்? நமக்காக ஒதுக்கிய நேரமும் படுக்கையும், காத்திருக்கும் இன்னோர் ஏழைக்கு உரிய காலத்தில் கிட்டாமற் போகின்றன. நம் ஐயம் நீக்கக்கூடியதாய் இருந்தால், அதை நீக்கும் வாய்ப்பு மருத்துவருக்கு இல்லாமற் போகிறது. அது நியாயமானதாய் இருந்தால், வேறு வழி தேடும் வாய்ப்பும் அடைபடுகிறது. நோய் முற்றிய பின், ஓடி ஒளிந்த இடத்துக்கே திரும்பிச் செல்லும் துணிவும் நமக்கு இருப்பதில்லை.

சொல்வது அத்தனை கடினமன்று. "ஐயா, எனக்கு இதில் தெளிவில்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? சிறிது காலம் பொறுக்கலாமா?" என்று கேட்கலாம். மருத்துவரிடம் பேசக் கூசினால் செவிலியரிடம் முதலில் சொல்லலாம். இதயநோய், பழைய ஒவ்வாமை பற்றிய அச்சத்தை, அறுவைக்கு முன் பார்க்க வரும் மயக்க மருத்துவரிடம் சொல்வதே பொருத்தம். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமையே. 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் வரைந்த நோயாளர் உரிமைச் சாசனம் அதையும் சேர்த்துள்ளது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட பிறகும் மனம் மாறலாம். மறுப்பதாகவே முடிவு செய்தால் அதைத் தெளிவாய்ச் சொல்லி, எழுத்தில் பதிவு செய்யச் சொல்லி, எந்த அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும் என்பதையும் கேட்டறிந்து விடைபெற வேண்டும்.

மருத்துவமனையில் பணியாற்றும் நம் சகோதர சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு. நீண்ட வரிசை, குறைந்த நேரம், ஓய்வற்ற உழைப்பு ஆகியவற்றை நாம் அறிவோம். எனினும் ஐயத்தைக் கேட்டவுடன் "படித்தவர் நீங்களா, நாங்களா?" என்று சினந்தால், அடுத்த நோயாளி கேட்கவே மாட்டார், தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். 38 ஆண்டுகள் நோயுற்றுக் குளத்தருகே கிடந்தவரின் துன்பத்தை நம் ஆண்டவர் அறிந்தே இருந்தார். அப்படியிருந்தும், நலம்பெற விருப்பமா என்று அவரையே முதலில் கேட்டார். பார்வையற்ற பர்த்திமேயுவிடமும், அவர் விரும்புவது என்ன என்று வினவினார். குணமாக்கும் வல்லமை முழுவதும் தம்மிடம் இருந்தபோதும் எதிரே இருந்தவரின் வாய்மொழிக்காக அவர் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்புக்கு நோயாளி தரவேண்டிய மறுமொழி உண்மையான சொல்லே. அது "ஆம்" ஆகவும் இருக்கலாம். "இப்போது வேண்டாம்" ஆகவும் இருக்கலாம். எதுவாயினும் தெரிந்து சொன்னதாய், முகம் பார்த்துச் சொன்னதாய் இருக்கட்டும். மருத்துவரை மதிப்பவர் தம் ஐயத்தை அவரிடமே ஒப்படைப்பார். உயிரை மதிப்பவர் அதைப்பற்றிப் பேசக் கூசமாட்டார்.