பிரிய தத்தமும் அருளும்

சொல் மாறினால் பொருளும் மாறிவிடுமா? மறைக்கல்வி வகுப்புகளில் நான் பலமுறை எளிதாகக் கடந்துசென்ற இக்கேள்வியை ஒரு மூதாட்டி எனக்குக் கடினமாக்கிவிட்டார்.

நான் குருவான தொடக்க ஆண்டுகள் அவை. அன்பியக் கூட்டமொன்றில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். மங்கள வார்த்தை செபத்தை அனைவரும் 'அருள்' என்று தொடங்க, அவர் மட்டும் 'பிரிய தத்தம்' என்ற பழைய சொல்லைச் சொன்னார். இளைஞர் சிலர் சிரித்தனர். நானும் புன்னகைத்து, "அம்மா, இப்போது அப்படிச் சொல்வதில்லை" என்று திருத்தினேன். அதன்பின் அவர் செபமாலைக்கு வருவார். ஆனால் வாய் திறக்கமாட்டார்.

நம் சமயச் சொற்கள் நெடுவழி நடந்து வந்தவை. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சாயிற்று. 'இஸ்பிரீத்து சாந்து' போன்ற ஐரோப்பிய ஒலிகள் பல தலைமுறைகளாக நம் செபங்களில் நின்றன. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் வடசொற்களைத் துணைக்கொண்டு மறையுரைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் பரிசுத்த ஆவி 'தூய ஆவி' ஆனார்.

இவற்றுள் எது சரி? 'தத்தம்' என்றால் கொடை. இறைவன் தருவது கூலியன்று, பிரியத்தால் வரும் கொடை என்பதை அச்சொல் உணர்த்தியது. 'அருள்' வேறொரு சாளரத்தைத் திறக்கிறது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்லும் கருணையே அருள் என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். நல்லார்க்கும் தீயார்க்கும் மழை பொழியும் தந்தையைப் பற்றி ஆண்டவர் உரைத்ததை இச்சொல் எவ்வளவு அழகாகத் தாங்குகிறது!

அப்படியானால் எந்தச் சொல்லாயினும் போதுமா? போதாது. 325-ஆம் ஆண்டு நிசேயா சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. அதற்கென அது தேர்ந்த கிரேக்கச் சொல் மறைநூலில் இல்லாத சொல். பின்னர் ஓரெழுத்து வேறுபாட்டிற்காகவும் திருச்சபை போராட நேர்ந்தது. சொல் பிழைத்தால் நம்பிக்கையும் பிழைக்கலாம். ஆனால் அச்சொல் மறைபொருளைக் காக்கும் வேலியே; விளைநிலம் அன்று. நம்பிக்கை கூற்றோடு முடிவதில்லை, கூற்று சுட்டும் மெய்ப்பொருளையே சென்றடைகிறது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். குருமடத்தில் இதை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதியவன் நான்.

சில ஆண்டுகளுக்குப் பின் அம்மூதாட்டிக்கு அவஸ்தை பூசச் சென்றேன். மெலிந்த குரலில் அவர் கேட்டார்: "சாமி, பழையபடியே சொல்லட்டுமா?"

சாகும் தறுவாயிலும் தாய்மரியிடம் பேச என் அனுமதியை அவர் எதிர்பார்த்தார். நான் முழந்தாளிட்டேன். பழைய செபம் எனக்கு முழுதாக நினைவில்லை. அவர் சொல்லச் சொல்ல, பின்தொடர்ந்து சொன்னேன்.

அவருக்கு 'அருள்' என்ற சொல்லைக் கற்பித்தேன், அருளைக் காட்டவில்லை. அவரோ என் சொல்லை ஏற்காமலே, எனக்கு அதைக் காட்டிவிட்டார்.

பொது வழிபாட்டிற்குப் பொதுச்சொல் வேண்டும். மறைக்கல்வியில் தெளிவும் வேண்டும். இவற்றில் தளர்ச்சி கூடாது. ஆயினும் ஒருவர் கண்ணீரோடு பழகிய சொல்லைத் திருத்துமுன், அச்சொல்லின் வழியே அவர் யாரைச் சந்திக்கிறார் என்று கேட்டறிவது நம் கடமையல்லவா? உங்கள் இல்லத்து முதியோர் இன்றிரவு செபிக்கும்போது, பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். அவர்கள் வாயில் நீங்கள் அறியாத சொல் ஒன்று வந்தால் சிரிக்க வேண்டாம். அதன் பொருளைக் கேளுங்கள்.