வாசலில் கேட்கும் முதல் கேள்வி



போன லீவில் ஒரு சாயங்காலம். காரைக்கால் கடற்கரையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். என் மகன் அவுட். "நான் அவுட்டே இல்ல"ன்னு மட்டையை மணலில் வீசிவிட்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று நான் கேட்டது என்ன தெரியுமா? "ஜெயிச்சியா?" அன்று ராத்திரி முழங்காலில் நின்றபோது ஆவியானவர் என்னைக் கடிந்துகொண்டார். மட்டையை வீசக் கற்றுக்கொடுத்ததே என் கேள்விதான்!

மத்தேயு 20:20-ஐ வாசித்துப் பாருங்கள். செபெதேயுவின் மனைவி தன் குமாரர் இருவருக்கும் ஆண்டவரின் வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்டாள். நம் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி தாய்மாரைப்போல அவளும் படகும் வலையும் உள்ள வீட்டுக்காரிதான். பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்கிற ஆசைதான். ஆனால் மற்றப் பத்து சீஷருக்கும் எரிச்சல் வந்துவிட்டது! ஆண்டவர் அவளைத் துரத்தவில்லை. பெரியவனாக விரும்புகிறவன் ஊழியஞ்செய்யட்டும் என்று வேறு வழியைக் காட்டினார்.

"ஐயா, தாழ்மைன்னா தோத்துப்போறதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லவே இல்லை! 1 கொரிந்தியர் 9:24-ல் பவுல் பந்தயத்தைப் பெறும்படி ஓடச் சொல்கிறார். பிள்ளை முழுப் பெலத்தோடு ஓடட்டும். ஆனால் பக்கத்தில் ஓடுகிறவன் சத்துரு அல்ல.

2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில், சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதிலே உலக சதுரங்கப் பட்டம் வென்றார். கண்ணீர் வழிய வழிய, காய்களை எடுத்துப் பலகையில் அதனதன் இடத்தில் அடுக்கினார். தோற்ற சீன வீரர் டிங் லிரெனை உண்மையான சாம்பியன் என்று மெச்சினார். ஜெயித்த கை அடுக்கி வைக்கிறது. மேட்டிமையுள்ள கை வீசி எறிகிறது.

பெற்றோரே, ஜெயித்தாலும் தோற்றாலும் எதிராளிக்குக் கைகொடுக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். அழுகுணி ஆட்டம் ஆடினால் நாலுபேர் முன்னே அடிக்காதீர்கள். தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். ஞாயிறு பள்ளி வசனப்போட்டியிலும், பரிசு வாங்காத பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள்: "சந்தோஷமா விளையாடினியா? விழுந்தவனைத் தூக்கிவிட்டியா?"

மறுநாள் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஜெயிக்கலேன்னா ஒங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சேன்ப்பா" என்றான். என் உள்ளம் உடைந்துபோயிற்று.

உங்கள் பிள்ளையும் அப்படி நினைக்கிறதோ? இன்றைக்கே கேளுங்கள். சிலுவைமட்டும் தம்மைத் தாழ்த்தின ஆண்டவர் நம் வீடுகளை ஆசீர்வதிப்பாராக! ஆமென், அல்லேலூயா!