திறந்துவிட்ட நீர்

எதிர்நீச்சல் என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும் ஜும்ஆப் பிரசங்கத்திலும் நூல் வெளியீட்டுரையிலும் அது தவறாமல் வந்துவிடுகிறது. வறுமையை வென்றவர், நோயை வென்றவர், அகதி முகாமிலிருந்து பல்கலைக்கழகம் போனவர் எல்லோருமே எதிர்நீச்சல் போட்டவர்கள்தாம். நீந்தியவரை மெச்சுவதில் தவறேதும் இல்லை. ஆனால் நீந்தியவரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அவர் நீந்திய நீரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அந்த ஓட்டம் இயல்பாகவே அவ்வழியில் ஓடியதா? மேலே எங்கோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டாரா? முதலாவதன் முன்னால் மனிதனுக்கு வேண்டியது பொறுமை. இரண்டாவதன் முன்னால் வேண்டியது விசாரணை.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, சிறுவர்களின் விளையாட்டொன்று உதவும் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி விளையாடும் டீவி கேம்கள் தொண்ணூறுகளில் நமது ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. ஓடித் தாவி மேடைக்கு மேடை ஏறிச் செல்வதுதான் அவற்றில் முக்காற்பங்கு. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அவற்றுக்கெல்லாம் முன்னோடி. அதன் சில கட்டங்கள் முழுக்க நீருக்கடியில் நடக்கும். அங்கே கணவாயும் மீனும் துரத்தி வரும், அவற்றைச் சுட்டுவிடலாம். ஆனால் அடித்தளத்தில் பள்ளம் விழுந்த இடங்களில் நீர் கீழ்நோக்கி இழுக்கும். அந்த இழுப்பைச் சுட முடியாது. அதற்கு உடலில்லை, கண்ணில்லை, கோபமில்லை. விலகிப் போகலாம், விடாமல் மேல்நோக்கி நீந்தலாம். வேறு வழி கிடையாது.

1991இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'சொனிக்' இன்னொரு படி மேலே போனது. அதில் நீர் நிறைந்த ஒரு சுரங்கக் கோட்டம் வரும். வேகமான ஓட்டம் நாயகனை அடித்துக்கொண்டு போகும். இடையிலே நட்டிருக்கும் கம்பத்தைப் பற்றிக்கொண்டால் சற்று நிற்கலாம். மூச்சு முடியப்போகிறது என்றால் இசை பதற்றமாக மாறும். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் தோன்றும். அங்கங்கே தரையிலிருந்து கிளம்பும் காற்றுக் குமிழியைப் பிடித்தால் மறுபடி மூச்சு வரும்.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த நீர் கொல்லும். ஆனாலும் விளையாடும் பிள்ளை அதை அநியாயம் என்று சொல்வதில்லை. ஏன்? ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்து முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அந்த அறிவிப்பு எந்த மொழிக்காரப் பிள்ளைக்கும் விளங்குகிறது. பற்றிக்கொள்ளக் கம்பமும் மூச்சுக்குக் குமிழியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஓட்டத்தை அமைத்தவர் இதைக் கடக்கக்கூடியதாகவே அமைத்திருக்கிறார் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருக்கிறது. கடக்கவே முடியாத தடையை வைத்தவரைப் பிள்ளைகள் திறமைசாலி என்று சொல்வதில்லை, கள்ளன் என்கிறார்கள். தடையை அமைப்பவருக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

விளையாட்டு என்றால் என்ன என்று ஆராய்ந்த பெர்னார்ட் ஸூட்ஸ் என்ற தத்துவ ஆசிரியர், 1978இல் வெளியான தமது நூலில், தேவையற்ற தடைகளைத் தாமாக விரும்பி ஏற்று வெல்ல முயல்வதே விளையாட்டு என்ற கருத்தை முன்வைத்தார். 'தாமாக விரும்பி' என்பதுதான் இதில் உயிர்நாடி. விரும்பாதவன் மீது சுமத்தப்பட்ட தடைக்கு வேறு பெயர் இருக்கிறது.

இனி விளையாட்டை விட்டு ஆற்றுக்கு வருவோம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கலந்து களனி கங்கை என்ற பெயரைப் பெறும் இடத்துக்கு அண்மையில் இருக்கிறது பொல்பிட்டிய. அங்குள்ள நீர்மின் நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. மலையகத்து நீரை மின்சாரமாக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார். லக்ஷபான நிலையம் 1950இல்தான் வந்தது. அதன்பின் மலைச்சரிவு முழுவதும் படிக்கட்டுப் போல நிலையங்கள் எழுந்தன. காசல்ரீயில் தேங்கும் நீர் விமலசுரேந்திர நிலையத்தில் ஒருமுறை, பழைய லக்ஷபானவில் ஒருமுறை, பொல்பிட்டியவில் ஒருமுறை சுழலியைச் சுற்றுகிறது. மவுசாகலை நீர் கெனியோனிலும் புதிய லக்ஷபானவிலும் வேலை செய்துவிட்டு அதே பொல்பிட்டியவுக்கு வந்து சேர்கிறது. அதற்கும் கீழே அண்மைக்காலத்தில் 35 மெகாவோற் திறனுடன் புரோட்லண்ட்ஸ் நிலையம் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பொல்பிட்டியவைத் தாண்டி ஓடும் நீரை வெறும் இயற்கை என்று சொல்லிவிட முடியாது. அது வானத்திலிருந்து விழுந்த நீர்தான். ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதில் மனிதனுடைய கையும் இருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் மேலே சுழலி சுற்றத் தொடங்கினால் கீழே நீர்மட்டம் உயரும்.

இந்த ஒரே நீரில் இரண்டு வகை மனிதர்கள் இறங்குகிறார்கள். சற்றுக் கீழே கித்துல்கலவில் றப்பர் படகேறிச் சுழிகளில் பாய்ந்து மகிழும் உல்லாசப் பயணி முதலாமவர். ஸூட்ஸ் சொன்ன விளையாட்டு வீரர் இவரே. பணம் கொடுத்துத் தடையை வாங்குகிறார். தலைக்கவசம், மிதவை அங்கி, ஆற்றின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த வழிகாட்டி எல்லாம் கூட வருகின்றன. இரண்டாமவர், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் துணி துவைக்கவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் ஓயாக் கரைக்கு வருகிற தாய். லயத்துக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் அவர் அங்கே வரத் தேவையில்லை. அவருக்கு மிதவை அங்கி கிடையாது. நீர் எப்போது திறக்கும் என்று சொல்ல வழிகாட்டியும் கிடையாது. புரோட்லண்ட்ஸ் திட்டம் வந்தபோது, ஓட்டம் குறைந்து தங்கள் தொழில் கெட்டுவிடும் என்று படகோட்டத் தொழில் செய்வோர் குரலெழுப்பினார்கள். அது நியாயமான குரல். ஆனால் குளிக்க இறங்குகிற தாய்க்குச் சங்கமுமில்லை, குரலுமில்லை. நீரோ இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு அது விளையாட்டாகவும் மற்றவருக்கு விதியாகவும் ஆவதை நீர் தீர்மானிப்பதில்லை.

'விதி' என்றதும் நமது சமூகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது ஆற்றோடு போய்விட்டால் 'களா கத்ர்' என்று சொல்லி முடித்துவிடுவோம். அல்லாஹ்வின் நாட்டமின்றி ஓர் இலையும் அசையாது என்பது நமது ஈமானின் பகுதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கத்ரை நம்புவது வேறு. கதவைத் திறந்தவருக்குக் கத்ரைக் கேடயமாகக் கொடுப்பது வேறு. உமையா ஆட்சியில் தமது கொடுமைகளையெல்லாம் இறைவிதி என்று சொல்லித் தப்பப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கலீபா அப்துல் மலிக்குக்கு ஹஸன் அல்பஸரி எழுதியதாக வழங்கும் கடிதம் அந்தத் தப்பித்தலை மறுக்கிறது. மனிதன் செய்த தீமையை அல்லாஹ்வின் மீது சுமத்தாதே என்பதே அதன் சாரம்.

நமது மரபு நீரைப் பற்றி இன்னும் நேரடியாகவும் பேசியிருக்கிறது. மதீனாவின் ஹர்ராப் பகுதியில் ஓடிய வாய்க்கால் நீருக்காக ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் பிணக்கு வந்தது. மேட்டில் இருந்தவர் ஸுபைர். அவர் பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். மேட்டில் இருப்பவனுக்கு முந்திய உரிமை உண்டு. ஆனால் கீழே இருப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை மறக்கும் உரிமை அவனுக்கில்லை. யூப்ரடீஸ் நதிக்கரையில் ஓர் ஆடு செத்துப்போனாலும் அதைப் பற்றித் தம்மிடம் கேட்கப்படும் என உமர் (ரழி) அவர்கள் அஞ்சியதாக வரும் செய்தியும் நாமெல்லோரும் கேட்டதுதான். மதீனாவில் இருந்த கலீபாவுக்கும் ஈராக்கின் நதிக்கரை ஆட்டுக்கும் இடையே எத்தனை நாள் பயணத் தூரம்! அதிகாரம் எவ்வளவு தூரம் பாய்கிறதோ அவ்வளவு தூரம் பொறுப்பும் பாயும் என்பதே அந்த அச்சத்தின் பொருள். அதே உமர் (ரழி), கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் திரும்பியபோது, கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்ற கருத்தில் அவர்கள் விடை சொன்னார்கள். எச்சரிக்கையும் கத்ரின் ஒரு பகுதிதான்.

எச்சரிக்கை என்றால் அது போய்ச்சேர வேண்டும். மலையகத்தில் கனமழை பெய்யும் ஒவ்வொரு பருவத்திலும், வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும் என்று செய்தி வருகிறது. அந்தச் செய்தி எந்த மொழியில், எந்த நேரத்தில், யாருடைய காதில் விழுகிறது? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு தாய் வாசித்து விளங்கிக்கொள்ளும் பலகையும், கேட்டு விலகிக்கொள்ளும் ஒலியும் இருக்கின்றனவா என்பதுதான் அந்தத் திருத்தத்துக்கான சோதனை. மூச்சு முடியுமுன் எண்ணிக் காட்டும் நாகரிகம் ஒரு விளையாட்டுக்கு இருக்கிறது. அதை ஓர் அரசிடம் எதிர்பார்ப்பது பேராசையாகாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது பலவீனமான மறுப்பும் அல்ல. அணையைக் காப்பாற்றக் கதவைத் திறந்தே ஆக வேண்டிய நேரம் வரும். திறக்காவிட்டால் அழிவு பன்மடங்காகும். மேலும் எல்லா வெள்ளமும் மனிதன் விட்டதல்ல. 2016 மே மாதம் களனி கரைபுரண்டு கொலன்னாவையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்தது பெருமழையால். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையகச் சரிவுகள் இடிந்ததும் அவ்வாறே. இவற்றுக்கெல்லாம் ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க முடியாது என்பது சரி. ஆனால் மழை இறைவனுடையதாக இருக்கலாம். சரிவின் விளிம்பிலே லயத்தைக் கட்டியவன் மனிதன். வேறிடம் போக ஒரு துண்டுக் காணியும் இல்லாதபடி அங்கே குடிவைத்தவனும் மனிதன். இயற்கையின் ஓட்டத்துக்குள் மனிதன் விட்ட ஓட்டம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே நான் சொல்லும் விசாரணை.

மலையக மக்களின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் எதிர்நீச்சல் என்ற புகழ்ச்சி தொண்டையில் சிக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை எண்ணிக்கையால் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. அதே அறுபதுகளில்தான் காசல்ரீயும் மவுசாகலையும் நிரம்பின. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் போயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த வணக்கத்தலங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும். ஒப்பந்தத்தின் பின்னும் மிஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த அரை நூற்றாண்டு ஓட்டத்தில் ஒரு துளியும் மழையால் வந்ததல்ல. எல்லாம் கையெழுத்தால் வந்தது. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து துரத்தப்பட்ட நமது மக்களும் இத்தகைய ஓட்டத்தில்தான் அள்ளுண்டு போனார்கள். அவர்களுக்கும் நமது மேடைகளில் முதலில் கிடைத்தது ஸப்ர் பற்றிய உபதேசமே.

ஸப்ர் பெரிய பண்பு. குழந்தை மூஸாவைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட தாயின் கதையில் அது ஒளிர்கிறது. அந்த ஓட்டம் அவருக்குத் தடையாகவில்லை, வாகனமாயிற்று. ஆனால் அந்தத் தாயை ஆற்றங்கரைக்குத் துரத்தியது பிர்அவ்னின் கட்டளை என்பதை வேதம் மறைக்கவில்லை. தாயின் பொறுமையையும் அரசனின் குற்றத்தையும் அது ஒரே கதையில் வைக்கிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடுகிற உபதேசத்தைக் கேட்டால் பிர்அவ்ன்கள் நிம்மதியாக உறங்குவார்கள்.

கடைசியாக, இந்த விசாரணை நம்மையும் விட்டுவைப்பதில்லை. நாடெங்கும் மாலையில்தான் மின்சாரம் அதிகமாகத் தேவைப்படுகிறது. அந்நேரத்தில் நீர்மின் நிலையங்கள் கூடுதலாக இயங்குகின்றன. கொழும்பிலோ காத்தான்குடியிலோ மஃரிப் தொழுதுவிட்டு வந்து நாம் விளக்கைப் போடுகிறபோது, பொல்பிட்டியவில் நீர் திறபடுவதற்கு நாமும் ஒரு காரணமாகிறோம். அதற்காக இருட்டில் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேட்டில் இருப்பவர் பாய்ச்சிக்கொள்ளட்டும் என்றுதான் தீர்ப்பும் சொல்கிறது. நாம் பாய்ச்சிய நீர் போகிற வழியில் அந்தத் தாய் துணி துவைத்துக்கொண்டிருக்கலாம். நீர் வருகிறது என்று அவருக்கு விளங்கும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்கும் கடமை நமக்கும் இருக்கிறது. அவருடைய நீச்சலைப் புகழ்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.