பூட்டிய கொட்டடியில் ஓர் இருமல்

மணமேல்குடிக் கடற்கரையிலே காற்றுக்குப் பஞ்சமில்லை. மாடி வீட்டுச் சாளரத்திலும் நுழைகிறது, பனையோலைக் குடிசையிலும் நுழைகிறது; சாதி கேட்பதில்லை, சல்லிக்காசும் கேட்பதில்லை. அந்தக் காற்றிலே வளர்ந்தவர்கள் கோட்டைப்பட்டினத்து மீனவர்கள், செகதாப்பட்டினத்து மீனவர்கள். எல்லை தாண்டினர் என்று இலங்கைக் கடற்படை அவர்களைப் பிடிப்பதும், யாழ்ப்பாணச் சிறையிலே அடைப்பதும் பல்லாண்டுகளாக நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய செய்தி. "என்று விடுவார்கள்?" என்கிறாள் கரையிலே நிற்கும் தாய். கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு மட்டுமல்ல, திருச்சிக்கும் புழலுக்கும் திகாருக்கும் பொருந்தும் கேள்வி அது: உள்ளே இருப்பவன் எவன் விட்ட மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறான்?

எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் அஞ்சிய காசநோய், தொட்டு ஒட்டுவதன்று; காற்றிலே வருவது. நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள், காற்றோட்டமில்லா அறையிலே நெடுநேரம் மிதக்கும். மாலையிலே பூட்டிக் காலையிலே திறக்கும் கொட்டடி, தோளோடு தோள் இடித்துக் கிடக்கும் உடல்கள். கிருமிக்கு இதைவிட நல்ல மாளிகை ஏது? 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளின் கொள்ளளவு 4,36,266; அடைக்கப்பட்டிருந்தோர் 5,73,220. உலகச் சிறைகளிலே 2019இல் ஏறத்தாழ 1,25,000 பேருக்குக் காசநோய் கண்டிருக்கும் என்றும், அவர்களிலே பாதியளவினரே கண்டறியப்பட்டனர் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். மறுபாதி? இருமிக்கொண்டே இருந்தனர், பக்கத்துப் பாயிலே படுத்தவனின் முகத்துக்கு நேராக.

"திருடனுக்கும் கொலைகாரனுக்கும் எக்ஸ்ரேயா? வெளியே நாணயமாக உழைப்பவன் இருமிச் சாகிறானே!" என்று சீறுகின்றனர் சிலர். உழைப்பவன் மீது அவர்களுக்கு இத்தனை பரிவு பிறந்ததே, மகிழ்ச்சி! ஆனால் உழைப்பவன் மணமேல்குடி அரசு மருத்துவமனைக்கு நடந்து போகலாம். நடக்க மாட்டாவிட்டால் சாளரத்தையாவது திறந்து வைக்கலாம். கைதியின் காலையும் சாளரத்தையும் அரசு தன் கையிலே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர் பொறுப்பேற்க வேண்டாமா? தீர்ப்பிலே ஆண்டுக் கணக்கு இருக்கிறது, நுரையீரல் கணக்கு இல்லையே! தீர்ப்பு என்றோம். 2022இல் சிறையிலிருந்தோரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள்.

"செய்த வினைக்கு அனுபவிக்கட்டும்" என்போரும் உளர். இந்தக் குரல் நமக்குப் பழக்கமானதுதான். முற்பிறவிப் பாவமே நோயென்று கதைத்த புரட்டு, 1882இல் ராபர்ட் கோக் நுண்ணோக்கியின் கீழ் காசக் கிருமியைக் காட்டியபோது தலைதெறிக்க ஓடிற்று. ஓடிய அந்தப் புரட்டே சிறை வாயிலிலே, நீதி என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு நிற்கக் காண்கிறோம்.

நம் பக்கத்து நண்பர்கள் சொல்லும் காரணம் வேறு. "கைதி வெளியே வந்தால் ஊருக்கே பரவும், ஆகவே சோதியுங்கள்" என்கின்றனர். உண்மைதான்; காவலரும், வழக்கறிஞரும், பார்க்க வரும் மனைவி மக்களும் அதே காற்றைத்தான் பகிர்கின்றனர். எனினும் அதை முதற்காரணமாக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. நமக்காக அவனைச் சோதித்தால், நோய் கண்டதும் ஒதுக்கி வைத்து வேலையை முடித்துக்கொள்வோம். அவனுக்காகச் சோதித்தால், நோய் கண்ட அன்றுதான் வேலை தொடங்குகிறது.

1988இல் போல்ஸ்மூர் சிறையிலே நெல்சன் மண்டேலாவுக்குக் காசநோய் கண்டது. நோய் முற்றுமுன்பே அறிந்து மருத்துவம் செய்தனர். பிழைத்தார், நாட்டை ஆண்டார். உலகம் உற்று நோக்கிய கைதி அவர். பெயரில்லாத கைதிக்கு? அவர் பெயராலேயே 2015இல் ஐக்கிய நாடுகள் மன்றம் ஏற்ற விதிகள், உள்ளே வரும் ஒவ்வொருவரையும் மருத்துவர் சோதிக்க வேண்டும், வெளியே கிடைக்கும் தரத்திலேயே மருத்துவம் தரவேண்டும் என்கின்றன. சிறைதோறும் காசநோய்ச் சோதனை முறையாக நடத்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் 2021இல் வலியுறுத்தியது. இது நமக்கு ஏட்டுச் செய்தியன்று; 1939இல் கைதிகளாக இருந்தபோதே நோயுற்று மாண்ட நடராசனையும் தாளமுத்துவையும் மறந்தவர்களல்லர் நாம்.

சோதனைக்கு வரமாட்டேன் என்பவனை என்ன செய்வது? தோழர்களே, இங்கேதான் தயங்குகிறோம். ஏன் மறுக்கிறான் அவன்? இருமலைச் சொன்னால் தனிக்கொட்டடி கிடைக்கும், மனைவியைப் பார்க்கும் நாள் பறிபோகும் என்ற அச்சம். அந்த அச்சத்தைத் தடியால் ஓட்ட முடியாது. இந்நோய்க்கு வீட்டிலிருந்தே மருந்துண்பது மருத்துவ விடுதிப் படுக்கைக்கு இளைத்ததன்று என்று 1959இல் உலகுக்கு மெய்ப்பித்தது நம் சென்னையிலே நடந்த ஆய்வு. நோய்க்கேற்ற மருந்து உள்ளே போகத் தொடங்கினால், பரப்பும் ஆற்றல் விரைந்து தணிகிறது. ஆகவே பிரித்து வைப்பது சிலகாலமே என்று அவனுக்குச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். அதன்பின்னும் மறுத்தால், மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் நோய்க்குறி தெரிந்தவனை நாற்பது பேரோடு பூட்டி வைக்கும் உரிமை அரசுக்கு இல்லை. காற்றோட்டமுள்ள அறையிலே தனியே வைக்கட்டும், தண்டனையாக அல்ல. சந்திப்பு நாளிலே, திறந்த வெளியிலே மனைவியைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. வழக்கமான காசத்துக்கு மருந்து ஆறு மாதம். பிணையோ மூன்றாம் மாதமே வந்துவிடும். இடையிலே நின்ற மருந்து, கிருமியை மருந்துக்கு அடங்காததாக்கிவிடக் கூடும். விடுதலை நாளன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிடித்து வைத்த சட்டையையும் சில்லறையையும் திருப்பித் தருகிறார்கள். அந்தப் பொட்டலத்திலே மீதி மாத்திரைகளும், மணமேல்குடி மருத்துவருக்கு ஒரு கடிதமும் இருக்கின்றனவா என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறோம்.