தெளுவும் போர்ட்டும்

இனிப்பு ஒயின் பிடிக்கும் என்று நம்மூரில் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். "அது ஒயினா, ரோஸ்மில்க்கா?" என்பார்கள். கசப்பையும் துவர்ப்பையும் பழகிக்கொள்வதுதான் ரசனை, இனிப்பு குழந்தைகளுக்கு என்று ஒரு நம்பிக்கை. ஆர்.எஸ்.புரத்தில், டி.பி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் நண்பன் வீட்டில் போர்ட் பாட்டில் திறக்கும்போது மட்டும் இந்த விதி தளர்ந்துவிடும். போர்ட்டுக்கு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்ல அவனும் இருக்கிறான்.

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், எந்த நிலத்துத் திராட்சை போர்ட் ஆகலாம் என்று 1756-லேயே எல்லை போடத் தொடங்கிவிட்டார்கள். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, பாதிச் சர்க்கரை மிச்சமிருக்கையில், 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சை ஸ்பிரிட்டை அதில் ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் செத்துப்போகும், சர்க்கரை அப்படியே நிற்கும். கடைசியில் கிடைப்பது சுமார் 20 சதவீத ஆல்கஹால். அதனால்தான் சின்ன கிளாஸ். மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து நிறம் வெளுத்தால் அது டானி. வால்நட், காய்ந்த அத்தி என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கென்னவோ கருப்பட்டி வாசம்தான் வந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு குடித்தபோது நிஜமாகவே கூடுதலாக ருசித்தது. அறிவு வந்தால் இன்பம் கெட்டுவிடும் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் எதை அறிய வேண்டியது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

நண்பனின் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருந்தவர். ஸ்பிரிட் கதையைக் கேட்டுவிட்டு, "நம்ம தெளுவுக்குச் சுண்ணாம்பு தடவறதும் அதுக்குத்தான் கண்ணு" என்றார். சரிதானே! பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது, தெளுவு. மற்ற ஊர்களில் பதநீர். பூசாவிட்டால் கள். அங்கே ஸ்பிரிட் செய்வதை இங்கே சுண்ணாம்பு செய்கிறது.

கள்ளில் இருக்கும் ஆல்கஹால் போர்ட்டில் இருப்பதில் சுமார் கால்வாசி. ஆனாலும் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மற்ற சரக்கை 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. குடியால் அழிந்த வீடுகளைப் பார்த்து மதுவிலக்குக் கேட்டவர்களை நான் லேசாக எடுக்கவில்லை. அவர்களுடைய நியாயம் கள்ளுக்கு மட்டும் ஏன் மிஞ்சியது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாங்கள் போர்ட்டை 'ரசிக்கிறோம்'. தோப்பில் ஒருத்தர் கள் 'குடிக்கிறார்'. செய்வது ஒன்றுதான், வினைச்சொல் வேறு.

புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாண்டியனுக்குப் பொற்கிண்ணத்தில் ஊற்றப்படுவது யவனர் கொண்டுவந்த தேறல். இறக்குமதிச் சரக்கின் மவுசு புதுசில்லை. ஆனால் தேறல், தெளுவு இரண்டு சொல்லிலும் இருப்பது தெளிவுதான். புரிந்துகொள்வதற்கும் குடிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி இது.

பத்து வருஷ டானிக்கும் இருபது வருஷ டானிக்கும் என்ன வித்தியாசம் என்று நண்பன் கால் மணிநேரம் பேசுவான். அவன் அப்பாவிடம் நாங்கள் எதுவும் கேட்டதில்லை. பனையா தென்னையா, கலயம் பழசா புதுசா, எந்த மாசம், எந்த மரம் என்று அவர் நாக்கில் ஒரு அகராதியே இருக்கிறது. காலைக் கள்ளுக்கும் சாயங்காலக் கள்ளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சொன்னார். தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.