பூவும் தேனீயும் புகைப்படமும்: சாட்சியின் அறம் பற்றிய ஒரு நோக்கு

படம் 'பிடித்தல்' என்பது தமிழில் வழங்கும் தொடர். மீன் பிடித்தல், பறவை பிடித்தல், கள்வனைப் பிடித்தல் என்பவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க இச்சொல், புகைப்படக் கலையினுள் வேடன் ஒருவன் மறைந்திருப்பதைத் தன்னையறியாமலே உணர்த்துகின்றது எனலாம். பூவில் வந்தமரும் தேனீயைப் படம் பிடிப்போர் சிலரிடம் காணப்படும் ஒரு வழக்கம் அவ்வேடனை வெளிப்படையாகவே கொண்டுவந்து நிறுத்துகின்றது.

இறக்காமம் பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள வரிப்பத்தான்சேனை, கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையோரத்தின் உட்புறமாக, வயல் நிலங்களுக்கிடையே அமைந்த முஸ்லிம் கிராமமாகும். அத்தகைய ஊரொன்றின் வீட்டு வளவை எண்ணிக்கொள்க. வேலியோரத்தில் பூசணி படர்ந்திருக்கின்றது. கத்தரியும் முருங்கையும் செவ்வரத்தையும் பூத்திருக்கின்றன. வைகறையில் விரிந்து நண்பகலளவில் குவிந்துவிடும் பூசணிப் பூவின் முன் ஓர் இளைஞர் கைத்தொலைபேசியுடன் குந்தியிருக்கின்றார். முன்னாளில் விலையுயர்ந்த கமராவும் வில்லைகளும் உடையோர்க்கே இயன்ற வேலை, இன்று தொலைபேசியில் பொருத்தும் ஒரு சிறு வில்லையால் எவர்க்கும் இயல்வதாயிற்று. கருவிதான் எளிதாயிற்றேயன்றி வேலை எளிதாகவில்லை. தேனீயின் சிறகு செக்கனுக்கு இருநூறு தடவைக்கு மேல் அடிக்கின்றது. ஒரு செக்கனின் 250இல் ஒரு பங்கு நேரம் கமரா திறந்திருப்பினும் அதற்குள் சிறகு ஏறத்தாழ ஒரு முழு வீச்சை முடித்துவிடும். இத்துணை அண்மையிலிருந்து எடுக்கும் படத்தில் ஓரிரு மில்லிமீற்றர் ஆழமே தெளிவாக விழும். எடுப்பவரின் மூச்சே படத்தைக் கலைக்கப் போதுமானது. நூறு படங்களில் ஒன்று தேறினால் அது நல்ல காலை.

இந்நிலையில் எவரோ ஒருவர் அவருக்கு ஓர் உபாயம் சொல்லிக் கொடுக்கின்றார். தேனீயை ஒரு போத்தலில் அடைத்துச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும். 10 பாகை செல்சியசை அண்டிய குளிரில் அது அசைவிழந்துவிடும். பின்னர் எடுத்து விரும்பிய பூவில் விரும்பியவாறு இருத்தலாம். வேண்டிய மட்டும் படம் எடுத்து முடிந்த பின் வெயில் பட்டதும் அது சூடேறிப் பறந்துவிடும். தேனீ இறப்பதில்லை, படமோ கண்ணைக் கவர்கின்றது. எனில், இதில் அறக்கேடு யாது?

தேனீக்கு நேரும் துன்பமே முதலில் நினைவுக்கு வரும் விடை. ஆயின் இவ்விடை தோன்றுமளவுக்கு வலிமையுடையதன்று. 1897இல் பிங்காம் வெளியிட்ட, இலங்கையையும் உள்ளடக்கிய பிரித்தானிய இந்தியாவின் குளவிகள், தேனீக்கள் பற்றிய பெருநூல், கொன்று ஊசியில் குத்திவைத்த உடல்களைக் கொண்டே எழுதப்பட்டது. இலங்கையில் இன்று 150ஐ அண்மித்த தேனீ இனங்கள் அறியப்பட்டுள்ளன என்றால், அவ்வறிவும் பெரும்பாலும் அவ்வழியே வந்ததாகும். அவற்றுட் பலவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தன்றிப் பிரித்தறிய முடியாது. அடுத்த வயலிலே பூச்சிநாசினி தெளிக்கப்படும்போது மடிவனவற்றுக்கோ கணக்கேயில்லை. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் ஒருவர், சில நிமிடக் குளிருக்காக மட்டும் கண்ணீர் வடிப்பாராயின் அது அறவுணர்வு எனப்படுமா என்பது ஐயமே.

இருப்பினும் அத்துன்பம் இன்மை எனத் தள்ளிவிடத்தக்கதுமன்று. தேனீ என்றதும் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் கூட்டமே நம் நினைவுக்கு வருகின்றது. உண்மையில் தேனீ இனங்களுட் பெரும்பாலானவை தனித்து வாழ்வன. வயிற்றில் நீல வரிகள் ஓடும் தேனீ இனமொன்று கத்தரிப் பூவுக்கு வருவதுண்டு. அதன் பெண் மண்ணைக் குடைந்து தனியொருத்தியாகவே கூடமைத்து, தனியொருத்தியாகவே மகரந்தம் சேர்த்து முட்டையிடுகின்றது. அதற்கு உதவித் தொழிலாளர் இல்லை. சில வாரங்களே கொண்ட அதன் வாழ்நாளில் ஒரு காலைப்பொழுது சிறிதன்று. மேலும், 2022இல் இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், பருத்த உடலுடைய பம்பிள் தேனீக்கள் எவ்விதக் கைம்மாறும் இன்றிச் சிறு பந்துகளை உருட்டித் திரிந்தமை காணப்பட்டது. விளையாட்டை ஒத்த ஒன்றைச் செய்யும் உயிரைப் பொறியெனக் கருதுதல் இனி எளிதன்று.

ஆயின் வினாவின் நடு இங்கில்லை. அது படத்தைப் பார்ப்பவரிடத்தே இருக்கின்றது.

தமிழில் அளவை நூலார் அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என வகுத்தனர். புகைப்படம் இவற்றுள் எதன்பாற்படும்? கண்ணாற் காண்கின்றோம் என்பதால் காண்டல் என்றே எவரும் விடையிறுப்பர். சற்று நின்று எண்ணின் அவ்விடை பிழை எனத் தோன்றும். பார்ப்பவர் கண்டது தாளில் அல்லது திரையில் அமைந்த நிறங்களை மட்டுமே. 'இத்தேனீ இப்பூவுக்கு வந்தது' என்பதை அவர் காணவில்லை, படம் எடுத்தவர் சொல்லக் கேட்டுக்கொள்கின்றார். எனவே புகைப்படம் காண்டலின் உடையணிந்த உரையாகும். உரையளவைக்கு ஆதாரம் உரைப்பவரின் நம்பகம். ஹதீஸ்களைத் தொகுத்த அறிஞர்கள் செய்தியை மட்டும் ஆராயாது, அதனைக் கொண்டுவந்த அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் ஒழுக்கத்தையும் ஆராய்ந்தமை இக்காரணம் பற்றியே. தேனீயின் பெயரையே ஓர் அத்தியாயத்தின் பெயராகக் கொண்ட வேதத்தை ஓதும் ஊரிலே அவ்வறிஞரைப் பற்றிய கதையொன்றும் வழங்குதல் பொருத்தமே. நெடுந்தொலைவு பயணம் செய்து ஓர் அறிவிப்பாளரைத் தேடிச் சென்ற அறிஞர், அம்மனிதர் தம் விலங்கைத் தீனி இருப்பதுபோற் காட்டி வெறும் ஆடையை ஏந்தி அழைப்பதைக் கண்டு, அவரிடம் எதுவும் கேளாமலே திரும்பிவிட்டாராம். சிலர் இதனை இமாம் புகாரியின் மேல் ஏற்றிக் கூறுவர். அதன் வரலாற்றுண்மை ஆராயத்தக்கது. கதையின் கருத்தோ தெளிவானது. விலங்கை ஏய்ப்பவரின் சொல்லை மனிதர் விடயத்திலும் ஏற்கலாகாது.

குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தும்பியே சாட்சியாக அழைக்கப்படுகின்றது. தலைவியின் கூந்தல் மணத்தைப் பற்றிக் கேட்கும் தலைவன், தனக்கு உவப்பானதைக் கூறாது அது கண்டதையே கூறும்படி வேண்டுகின்றான். புகழ்ச்சியை விரும்பி நிற்கும் காதலன்கூடத் தும்பியின் வாய்மையில் கைவைக்கத் துணியவில்லை. குளிரூட்டிய தேனீயைப் பூவில் இருத்துபவரோ அதனைத் தாம் விரும்பியதைக் கூறும் சாட்சியாக்கிவிடுகின்றார்.

ஒரு பூச்சியைப் பற்றிய பொய்யால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். 1958இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'வைட் வில்டர்னஸ்' என்னும் ஆவணப்படத்தில், லெம்மிங் என்னும் வடதுருவப் பகுதிக் கொறி விலங்குகள் கூட்டமாகக் குன்றிலிருந்து நீரில் வீழ்ந்து மடிவதாகக் காட்டப்பட்டது. அப்படம் ஆஸ்கார் விருதும் பெற்றது. அக்காட்சி மனிதரால் அமைக்கப்பட்டதென 1982இல் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபன நிகழ்ச்சியொன்று வெளிப்படுத்தியது. எனினும் அவ்விலங்குகள் தற்கொலை செய்வன என்னும் நம்பிக்கை இன்றும் உலகில் உலவுகின்றது. கத்தரிப் பூவை எடுத்துக்கொண்டாலும் இதுவே நேரும். அதன் மகரந்தம் நுனியில் மட்டும் துளையுடைய குழாய்களுள் அடைபட்டிருக்கின்றது. நீலவரித் தேனீயும் மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் கருவண்டும் பூவைப் பற்றிக்கொண்டு பறத்தற்றசைகளை அதிரச்செய்து அம்மகரந்தத்தை உதிர்ப்பன. கூட்டுத் தேனீயால் இது இயலாது. அழகுக்காகக் கூட்டுத் தேனீயொன்றைக் கத்தரிப் பூவில் இருத்தி எடுத்த படத்தைப் பாடநூலிற் காணும் மாணவன், கத்தரி காய்ப்பது எவ்வாறென்பதையே பிழையாகக் கற்றுக்கொள்கின்றான். தேனீப் பெட்டி வைத்தால் கத்தரி விளையுமென்று நம்பும் தோட்டக்காரருக்கு அப்பிழை பணமாகவும் முடியலாம்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. ஐக்கிய அமெரிக்க நிலவளவைத் துறையின் தேனீ ஆய்வுகூடம், இறந்த தேனீக்களைக் கழுவி உலர்த்திக் கரும்பின்னணியில் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றில் பொய்யில்லை, இறந்த தேனீ என்றே அவை காட்டப்படுகின்றன. கொல்லப்பட்ட தேனீ மெய் உரைக்க, உயிரோடு விடப்பட்ட தேனீ பொய் உரைக்கின்றது. உயிருக்குச் செய்யும் தீங்கின் கணக்கு வேறு, உண்மைக்குச் செய்யும் தீங்கின் கணக்கு வேறு. ஒன்றில் மிஞ்சியதைக் கொண்டு மற்றதன் கடனை அடைத்தல் இயலாது.

எல்லாப் படமும் ஒருவகையில் தெரிவுதானே, பின்னணியை மங்கச்செய்வதும் ஓரங்களை வெட்டுவதும் பொய்யல்லவா என்பர் சிலர். புற ஊதா ஒளியைக் காணும் தேனீயின் கண்ணுக்குப் பூ தோன்றும் விதத்தை எந்தச் சாதாரண கமராவும் காட்டுவதில்லை என்பதும் மெய்யே. ஆயினும் படம் எதனை உரைப்பதாகப் பார்ப்பவர் கொள்கின்றார் என்பதே அளவுகோல். காற்றில் ஆடாதிருக்கப் பூக்காம்பை உடுப்புக் கவ்வியாற் பற்றிவைத்தல் பிழையன்று. தேனீ தன் விருப்பினாலேயே வருகின்றது. இதழில் சீனிப்பாகு தடவி அதனை வரவழைத்தல் பிழை. அது வந்தது பூவுக்கன்று, பாகுக்கே.

அசைவற்ற தேனீதான் வேண்டுமெனின் அதற்கும் வழியுண்டு. நீலவரித் தேனீயின் ஆண்கள் இரவில் கூடு புகுவதில்லை. பொழுதுசாயும் வேளையில் ஏதேனுமொரு காய்ந்த தண்டைத் தாடையாற் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கியபடியே உறங்கிவிடும். விடியுமுன் எழுந்து வேலியோரம் செல்பவர் அவற்றைக் காணலாம். மெல்ல நெருங்கினால், வெயில் ஏறி உடல் சூடாகும்வரை அவை பறப்பதில்லை. ஒவ்வோர் உரோமமும் தெளிவாக விழும் படம் அப்போது கிட்டும். அப்படத்தில் பூ இராது. ஒரு காய்ந்த குச்சியும் உறங்கும் தேனீக்களும் மட்டுமே இருக்கும்.