துருவுக்கு மேல் சாயமா?

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவை வீட்டிலேயே புதுப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகளே, ஒரு கேள்வி. கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில் துரு. பட்டி பூசி, தேய்த்து, சாயம் அடித்தால் காடி பளபளக்கும். "என் காடிதானே, யாரை ஏமாத்தினேன்?" என்று கேட்கலாம்.

துருவுக்கு அந்த நியாயம் தெரியாது. ஈரமும் காற்றும் கிடைத்தால் உள்ளேயே வளரும். இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் சாயத்தையே தூக்கிவிடும். நம்ம ஊர் மழைக்குக் கேட்கவே வேணாம். மோதும்போது தாங்க வேண்டிய சட்டம் இற்றுப்போனால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் ஆபத்து.

ஆக, காடி நம்முடையது; அதை நம்பி ஏறுகிறவர் உயிர் நம்முடையதல்ல. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்க, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்க. மாதக்கணக்கானாலும் பரவாயில்லை.

மனசில் பிடித்த துருவுக்கும் இதே வழிதான்: மேலே சிரிப்பைப் பூசாதீங்க, முதலில் சுரண்டுங்க.